ஊசி போட்ட மூன்றாம் நாள்

"ஊசி போடுற வரைக்கும் நல்லா ஓடியாடிட்டு இருந்துச்சு டாக்டர். அதுக்கப்புறம்தான் இப்படிப் படுத்துக்கிச்சு."

கால்நடை மருத்துவமனைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மழைக்குப் பயந்து கார் இன்ஜினுக்குள் ஒண்டியிருந்த பூனைக்குட்டியையோ சாக்கடை ஓரம் கத்திக்கொண்டிருந்த குட்டியையோ தூக்கி வந்து, துடைத்து, ஆட்டோ பிடித்து வைத்தியம் பார்த்தவர்கள் சொல்வது. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு நோய் நம் கண்ணில் படும் முதல் நாள், அது உடலுக்குள் நுழைந்த முதல் நாளாக இருப்பதில்லை. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாததால், "அங்க கூட்டிட்டுப் போனதுதான் தப்பு" என்று சிகிச்சையையே பலர் நிறுத்திவிடுகிறார்கள். குட்டிக்கு அது பேரிழப்பு.

பூனைகளைத் தாக்கும் பார்வோ வைரஸை எடுத்துக்கொள்வோம். தன்னைப் பெருக்கிக்கொள்ள இதனிடம் போதிய சொந்தக் கருவிகள் கிடையாது. பிளந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லுக்குள் நுழைந்தால்தான் இதன் வேலை நடக்கும். வளர்ந்த பூனையின் உடலில் அப்படிப்பட்ட செல்கள் சில இடங்களில்தான் மிகுதி. குட்டியின் உடலோ எங்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது. குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணுக்கள் என வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடமெல்லாம் வைரஸுக்கு வசதியாகிவிடுகிறது. குட்டி வளர்வதற்கு எது அடிப்படையோ அதையே இந்த நோய் பயன்படுத்திக்கொள்கிறது. கருவில் இருக்கும்போதோ பிறந்தவுடனோ தொற்றினால் சிறுமூளை முழுமையாக வளராது. அப்படிப் பாதிக்கப்பட்ட குட்டிகள் வாழ்நாள் முழுவதும் தள்ளாடித் தள்ளாடி நடக்கும். மற்றபடி நன்றாகவே வாழும்.

வைரஸ் நுழைந்து அறிகுறி தெரிய இரண்டு முதல் பத்து நாள் ஆகலாம். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். அதற்குள் எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி நின்று, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் சில நூறுகளுக்கு இறங்கிவிடக்கூடும். குடல் சுவர் உரிந்து, உள்ளே இருக்கும் கிருமிகள் ரத்தத்துக்குள் கசியும். இவ்வளவும் தொடங்கிவிட்ட ஒரு குட்டி, மருத்துவரின் மேசை மேல் அன்று வாலைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்க முடியும். காய்ச்சல் இல்லை, எடை சரி, கண் பளிச்சென்று இருக்கிறது. பூச்சி மருந்து கொடுத்து ஊசி போட்டு அனுப்புகிறார்கள். மூன்றாம் நாள் வாந்தி. பழி ஊசி மேல் விழுகிறது.

தெருக்குட்டிகளுக்கு இது ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது? பூனைக்குட்டி தாயிடமிருந்து பெறும் நோய் எதிர்ப்பு மூலக்கூறுகளில் பெரும்பங்கு சீம்பால் வழியே வருகிறது. அவற்றை முழுசாக உறிஞ்சிக்கொள்ளக் குடலின் கதவு பிறந்து சுமார் 16 மணி நேரம்தான் திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் வயிறாரக் குடித்த குட்டிக்குச் சில வாரம் பாதுகாப்பு. குடிக்காத குட்டிக்கு முதல் நாளிலிருந்தே ஒன்றுமில்லை. குடித்த குட்டிக்கும் ஒரு சங்கடம் உண்டு. தாய் கொடுத்தது தேய்ந்து தேய்ந்து, உண்மையான வைரஸைத் தடுக்கப் போதாத அளவுக்கு வந்த பின்பும், தடுப்பூசியிலுள்ள பலவீனமான வைரஸை அழிக்க அது போதுமானதாக இருக்கும். அந்தச் சில வாரங்களில் தடுப்பூசியும் பிடிக்காது, நோயும் எளிதில் பிடிக்கும். எந்தக் குட்டிக்கு எந்த வாரம் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. 16 வார வயதைத் தாண்டும்வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை தடுப்பூசியைத் திரும்பப் போடுவது இதனால்தான். "ஒரு ஊசி போட்டாச்சு" என்பது பாதுகாப்பு ஆகாது.

சில நேரம் மருத்துவமனைக்குப் போய்வந்த பயணமே நோயை எழுப்பிவிடும். பூனைகளின் ஹெர்ப்பீஸ் வைரஸ் ஒருமுறை வந்து போனால் பெரும்பாலான பூனைகளில் முகத்து நரம்பு முடிச்சுகளுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். இடமாற்றம், கூண்டு, நாய்க் குரைப்பு, அறுவை சிகிச்சை போன்ற பதற்றங்களில் அது மீண்டும் வெளியே வரும். உடனே வராது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துத் தும்மலும், கண்ணில் நீரும், மூக்கடைப்பும் தொடங்கும். மனிதர்களுக்கு இந்த வைரஸ் தொற்றுவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மருந்தே குட்டியைப் படுக்க வைக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றில் சில சாதாரணமானவை. தடுப்பூசிக்குப் பின் ஓரிரு நாள் சோர்வும் லேசான காய்ச்சலும் எதிர்பார்க்கக்கூடியவையே. முகம் வீங்கி, விடாமல் வாந்தி எடுத்து, மூச்சு வாங்கினால் அது ஒவ்வாமை. பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். சளிக்கும் கண் நோய்க்கும் தரப்படும் டாக்சிசைக்ளின் மாத்திரையின் பிரச்சினை வேறு. பூனையின் உணவுக்குழாயில் வறண்ட மாத்திரை அப்படியே ஒட்டி நின்று சுவரைப் புண்ணாக்கிவிடும். புண் ஆறும்போது குழாய் சுருங்கி, விழுங்கியதெல்லாம் திரும்பி வரும். மாத்திரைக்குப் பின் சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரோ சிறிது உணவோ கொடுத்தால் போதும், இதைத் தவிர்த்துவிடலாம்.

ஆனால் பெரிய அபாயம் நாம் வீட்டில் கூடுதலாகச் செய்யும் வைத்தியத்தில் இருக்கிறது. அதன் வேர் பூனையின் கல்லீரலில், கோடி ஆண்டுக்கும் மேல் பழைய ஒரு மாற்றத்தில் கிடக்கிறது. நம் கல்லீரல் பல ரசாயனங்களோடு குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்து, நீரில் கரையச் செய்து வெளியேற்றுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதிகளில் முக்கியமான ஒன்றின் மரபணு பூனையிடம் சிதைந்து செயலற்றுக் கிடக்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, சிங்கம், புலி, சிறுத்தை உட்பட பூனைக் குடும்பம் முழுவதிலும் இந்தச் சிதைவு இருப்பதைக் காட்டியது. இலைதழையின் நச்சுகளை முறிக்கத்தான் இந்த நொதி பெரிதும் தேவைப்பட்டிருக்கும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். இறைச்சியை மட்டுமே தின்று வாழ்ந்த வம்சத்துக்கு அது தேவைப்படவில்லை. பழுதானபோது குறை தெரியவும் இல்லை. இனிப்புச் சுவையை உணரும் ஏற்பியின் மரபணுவும் பூனையிடம் இதேபோல் பழுதாகிக் கிடக்கிறது. அந்த மூதாதைகளின் உணவுப் பழக்கம் இன்றைக்கு நம் வீட்டு மருந்துப் பெட்டியோடு மோதுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

குட்டிக்கு உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமாலில் ஒரு துண்டு உடைத்துக் கொடுக்கிறார்கள். நமக்கு எளிதாக வெளியேறும் அந்த மருந்து, பூனையின் உடலில் தேங்கி, நச்சுப் பொருளாக மாறி, ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்க முடியாத ரத்தம் பழுப்பாகும். ஈறுகள் காபி நிறத்துக்கு மாறும், முகமும் பாதங்களும் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று வளர்ந்த பூனையையே கொல்லப் போதும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். நாய்க்கு உண்ணி போக வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவினாலும் உடல் நடுங்கி வலிப்பு வரும். பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து காலை நக்குவதும் குட்டிக்குக் கெடுதல்தான். பார்வோவை அழிக்கவும் பினாயில் உதவாது, கை சானிடைசரும் உதவாது. அழுக்கைக் கழுவிய பின், வீட்டு ப்ளீச் திரவத்தை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிவிட வேண்டும். விட்டுவைத்தால் அந்த வைரஸ் ஓராண்டு வரைகூட அங்கேயே தாங்கும்.

துவண்டு கிடக்கும் குட்டியைப் பார்த்ததும் முதலில் பாலூட்டத்தான் கை போகும். அதற்கு முன் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வளர்ந்த பூனையின் உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். பிறந்த குட்டிக்கு அது 35, 36-தான். முதல் நான்கு வாரம் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. உடல் குளிர்ந்தால் குடல் அசைவு நின்றுவிடும். அப்போது ஊட்டிய பால் செரிக்காமல் தேங்கி, மேலேறி நுரையீரலுக்குள் போகும். ஆகவே முதலில் சூடு, பிறகுதான் உணவு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கமாக வைத்து, வேண்டாமென்றால் நகர்ந்துகொள்ள இடம்விட்டு, மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். சூடானபின் குப்புறப் படுத்த நிலையிலேயே ஊட்ட வேண்டும், கைக்குழந்தையைப் போல மல்லாத்தி அல்ல. குட்டியின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு என்பதால் சில வேளை பட்டினியே அதை மயக்கத்தில் தள்ளிவிடும். பசும்பால் வயிற்றைக் கெடுக்கும். பூனைக்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது.

பல் முளைத்துத் தின்னத் தொடங்கிய குட்டி சாப்பிட மறுத்தால் மூக்கைப் பாருங்கள். பூனை மோந்து பார்த்துத்தான் உண்ணும். அடைத்த மூக்கோடு கிண்ணத்தின் முன் உட்கார்ந்திருக்கும் குட்டிக்கு அங்கே உணவு இருப்பதே தெரியாமல் போகலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைத்து, மீனையோ கோழியையோ உடல் சூட்டுக்குச் சூடாக்கி வைத்தால் பல குட்டிகள் தின்னத் தொடங்கிவிடும்.

எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, முதல் வாந்தி எப்போது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இது ஊசிக்கு முன் தொடங்கிய நோயா, ஊசியால் வந்ததா என்பதை மருத்துவர் பிரித்தறிய அந்த நேரக் குறிப்புதான் துணை. வாந்தியில் மருந்து போய்விட்டதென்று நீங்களாக இன்னொரு முறை கொடுக்காதீர்கள். கூடியவரை முதலில் பார்த்த மருத்துவரிடமே போவது நல்லது, என்ன மருந்து கொடுத்தோம் என்று அவருக்குத்தான் தெரியும். ஈறு வெளுத்தோ பழுப்பாகவோ தெரிந்தால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், வலிப்பு வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலோடு குட்டியைப் பெட்டியில் வைத்து, மருந்துச் சீட்டையும் மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு, இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எதுவோ அங்கே உடனே கிளம்பிவிட வேண்டும்.