ஆர்மோனியம் வாசித்த விமர்சகர்

சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களை வாரிக்கொண்டு போன கதை தெரியாத குடும்பம் மலேசியாவின் ரவாங் வட்டாரத்தில் குறைவு. அதே போர்க்காலத்தில், 1942-இல், பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் தாயகம் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் 1917-இல் பிறந்த பி.வி. சுப்பிரமணியம். பின்னாளில் இசை விமர்சகர் சுப்புடு என்ற பெயரைக் கேட்டாலே வித்வான்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

சகோதரிகளுக்குப் பாட்டு வாத்தியார் சொல்லிக்கொடுத்ததைக் காதால் கேட்டே சங்கீதம் பிடித்துக்கொண்டவர் அவர். கையில் எடுத்ததோ ஆர்மோனியம். 1940-இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. 1971-இல்தான் தடை ஓரளவு தளர்ந்தது. காரணம் இல்லாமல் இல்லை. ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரம்தான். தோடியின் காந்தாரம் அசைய வேண்டும். ஆர்மோனியத்தில் அது ஆணி அடித்தாற்போல் நிற்கும். பக்கத்துக் கட்டைகளை மாற்றி மாற்றித் தொட்டுத்தான் அந்த அசைவை ஓரளவு எட்ட முடியும். அப்படியொரு வாத்தியத்தோடு மல்லுக்கட்டியவருக்கு, பாடகரின் சுரம் இம்மி பிசகினாலும் தெரியாமல் போகுமா? அவர் எழுத்தின் கூர்மை அங்கிருந்துதான் வந்தது என்பேன்.

பிழைப்புக்கு மத்திய நிதியமைச்சக வேலை. 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசை விமர்சனம் எழுதிய கல்கி அவருக்கு ஊக்கம் தந்தார். சுப்புடு தமிழ் இதழ்களிலும் தி ஸ்டேட்ஸ்மன் ஆங்கில நாளேட்டிலும் எழுதினார். பெரிய பெயர் என்பதற்காகத் தயவுதாட்சண்யம் காட்டவில்லை. சில வேளை வார்த்தை எல்லை மீறியது. மனம் புண்பட்டவர்கள் உண்டு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் கேட்காமலே புகழ்ந்தார் என்று அவரை யாரும் குறை சொல்ல முடியாது. 2007 மார்ச் 29 அன்று டில்லியில் காலமானார்.

நம் பக்கம் பாருங்கள். ரவாங்கில் கொமுட்டர் ஏறினால் பிரிக்பீல்ட்ஸ் போக கே.எல். சென்ட்ரல், அப்படியே போனால் கிள்ளான். வழி நெடுக அரங்கேற்றமும் கோயில் கச்சேரியும் நடக்கின்றன. 1981-இல் தொடங்கிய டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைஞர் தலைமுறைகளை உருவாக்கியிருக்கிறது. மறுநாள் அச்சில் வருவதோ பொன்னாடை போர்த்திய பிரமுகரின் படம். பிள்ளை என்ன ராகம் பாடினாள், தாளம் நின்றதா என்று எழுத ஆளில்லை. ஆண்டுக்கணக்கில் பயின்றவளுக்கு இது அநியாயம்.

பத்திரிகை ஆசிரியர்களே, வாரம் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். பாடவோ வாசிக்கவோ தெரிந்த ஒருவரை உட்கார்ந்து கேட்டு எழுதச் சொல்லுங்கள்.