பெட்டியில்லாத சரக்கு

கடந்த நோன்புப் பெருநாள் விடுமுறையில் என் இளைய மகன் கணனி விளையாட்டு ஒன்று வாங்கினான். கடன் அட்டையில் பணம் போய்விட்டது. "பொருள் எங்கே மகன்?" என்று கேட்டேன். "கணனிக்குள்ளே இருக்கு வாப்பா" என்றான். முப்பது வருடமாகக் கடையில் நின்று பொருளை எடுத்துக் கையில் கொடுத்துப் பழகிய எனக்கு இது புதினமாக இருந்தது. விசாரித்துப் பார்த்தேன்.

முன்பு இது பெட்டியும் இறுவட்டும் கையேடுமாகக் கடைக்கு வந்த சரக்கு. தயாரிப்பாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் என்று ஆளுக்கொரு பங்கு இருந்தது. 2003 செப்டெம்பரில் அமெரிக்காவின் வால்வ் கொம்பனி 'ஸ்டீம்' என்ற இணைய ஏற்பாட்டைத் தொடங்கியது. 2004இல் அவர்களின் 'ஹாஃப் லைஃப் 2' வெளியானபோது, கடையில் பெட்டியாக வாங்கியவரும் ஸ்டீமில் பதிந்தால்தான் விளையாட முடிந்தது. வாடிக்கையாளர் கடைக்காரரின் கையைவிட்டுப் போகத் தொடங்கியது அன்றுதான்.

இதில் நன்மையும் உண்டு. கடை வாடகை இல்லை, லொறிக் கூலி இல்லை, விற்காத சரக்கில் முதல் முடங்குவதும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்த விளையாட்டைக்கூட உலகம் முழுவதும் விற்கலாம். ஆனால் இடைத்தரகர் ஒழிந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஸ்டீம் வழமையாக நூற்றுக்கு 30 எடுக்கிறது. 2018 டிசம்பரில் எபிக் கொம்பனி 12 வீதத்துக்குப் போட்டிக் கடை திறந்தது. ஆயிரம் கடைகள் இருந்த இடத்தில் இப்போது சில பெரிய கடைகள், அவ்வளவுதான்.

அடிபட்டவர்கள் தெருவோரக் கடைக்காரர்கள். பிரித்தானியாவின் 'கேம்' கடைத்தொடர் 2012 மார்ச்சில் நிர்வாகிகளின் கைக்குப் போனது. கடனும் சரக்குத் தட்டுப்பாடும் அதற்குக் காரணங்கள். தரவிறக்கத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தகைய கடைகளுக்கு நல்ல இலாபம் தந்தது பழைய இறுவட்டு வியாபாரம். விளையாடி முடித்ததைப் பையன் திருப்பி விற்பான், கடைக்காரர் அதை இன்னொருவருக்குக் கொடுப்பார். தரவிறக்கிய விளையாட்டில் அந்த வழி அடைபட்டது.

மகனிடம் கேட்டேன்: "அலுத்துப்போனால் இதை விற்கலாமா?" "ஏலாது வாப்பா" என்றான்.

விற்க ஏலாததை வாங்கியதாகச் சொல்லலாமா? யூபிசொஃப்ட் கொம்பனி 2014இல் வெளியிட்ட 'த க்ரூ' விளையாட்டின் சேவையை 2024 மார்ச் 31இல் நிறுத்தியது. காசு கொடுத்தவர்கள் யாருமே அதன்பின் விளையாட முடியவில்லை. இறுவட்டைக் கையில் வைத்திருந்தவரும் தப்பவில்லை. அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலம் சட்டம் செய்தது: கொடுப்பது வெறும் அனுமதிதான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விளம்பரம் செய்யக்கூடாது.

எடை, அளவைச் சரியாகச் சொல்வது வியாபாரியின் கடமை. என்ன விற்கிறோம் என்று சொல்வதும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு இப்படி எதையும் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், காசைக் கட்டுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது நமக்குச் சொந்தமா, இல்லை அவர்கள் விடும்வரைதானா? அதைத் தெரிந்துகொண்டு விலையைப் பாருங்கள்.