பாசிர் கூடாங் வானில் ஒரு கோடு

அடைமழையில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாதபோது, விமானி நம்பியிருப்பது தரையிறங்கும் வரைபடத்தைத்தான். எந்த இடத்தில் எந்த உயரத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். வழியிலுள்ள மலை, கட்டடம், கிரேன் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் குறித்த எண் அது. புதிதாக எழுந்த ஒரு கிரேன் விடுபட்டுப் போனாலும் அந்த எண்ணே ஆபத்தாகலாம். அதனால்தான் உலகமெங்கும் 28 நாள் சுழற்சியில் திருத்தங்கள் வெளியாகின்றன.

பிழையே இல்லாத வரைபடமும் சிக்கலைக் கிளப்பும். நம் ஜொகூரில் அதுதான் நடந்தது. சிங்கப்பூரிலுள்ள செலேத்தார் விமான நிலையத்துக்கு அந்நாடு வெளியிட்ட கருவிவழித் தரையிறக்க முறை, 2019 ஜனவரி 3இல் நடப்புக்கு வரவிருந்தது. இறங்கும் பாதையோ ஜொகூரின் பாசிர் கூடாங்குக்கு மேலே! அங்கே கட்டடங்களுக்கும் துறைமுகக் கிரேன்களுக்கும் உயரக் கட்டுப்பாடு வந்துவிடும் என்று மலேசியா எதிர்த்தது. அந்த வான்பகுதியைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும் அறிவித்தது. கீழே வாழும் ஊருக்காகப் பேசியது நியாயமே. இந்த இழுபறியில், மலேசிய நிறுவனமான ஃபயர்ஃபிளையின் விமானங்கள் மாதக்கணக்கில் செலேத்தாருக்குப் பறக்கவில்லை.

2019 ஏப்ரலில் உடன்பாடு வந்தது. சிங்கப்பூர் அந்த முறையை மீட்டுக்கொண்டது. மலேசியா தடையை நிறுத்திவைத்தது. அதற்குப் பதிலாக, ஜிபிஎஸ் வழித் தரையிறக்க முறையை இரு நாடுகளும் சேர்ந்து உருவாக்க இணங்கின. அதே மாதம் சுபாங்கிலிருந்து செலேத்தாருக்கு ஃபயர்ஃபிளை பறந்தது.