பாலோவின் பெயர் எத்தனை பைட்? – சி மொழியில் டிஎன்எஸ் செய்தி



உலாவியில் ஓர் இணைய முகவரியைத் தட்டியதும், கணினி முதலில் டிஎன்எஸ் வழங்கியிடம் "இந்தப் பெயருக்கு ஐபி எண் என்ன?" என்று கேட்கிறது. அந்தக் கேள்வியின் அமைப்பை பால் மொக்கபெட்ரிஸ் 1987 நவம்பரில் ஆர்எஃப்சி 1035-இல் வரையறுத்தார். இன்றும் அடிப்படை அதுதான். ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்க, பிறகு மறக்காது.

குளுவாங் மாவட்டத்துப் பாலோவையே எடுத்துக்கொள்வோம். பயிற்சிக்கு மட்டும் ஒரு பெயர்: பாலோ.ஜோகூர்.எம்ஒய். ரூமி எழுத்தில் 5, 5, 2 எழுத்துகள்.

1. தலைப்பகுதி: 12 பைட்

இதில் ஆறு எண்கள், ஒவ்வொன்றும் 2 பைட்: அடையாள எண், கொடிகள், பிறகு கேள்வி, விடை, அதிகாரப் பகுதி, கூடுதல் பகுதி ஆகியவற்றின் எண்ணிக்கைகள். பெரிய பைட் முதலில் வர வேண்டும். ஒரு கேள்வி என்றால் 0, 1. இன்டெல் கணினியில் எண்ணை அப்படியே நகலெடுத்தால் 1, 0 என்று போய்விடும். வழங்கி அதை 256 கேள்விகள் என்று படிக்கும்! அதனால்தான் சி மொழியில் எச்டிஓஎன்எஸ் என்ற செயற்கூறு இருக்கிறது.

2. பெயர்: 16 பைட்

புள்ளிகளை அனுப்புவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம், கடைசியில் 0:

5, 112, 97, 108, 111, 104
5, 106, 111, 104, 111, 114
2, 109, 121
0

ஒரு துண்டு 63 பைட்டைத் தாண்டக்கூடாது. முழுப் பெயர் 255-ஐத் தாண்டக்கூடாது.

3. வகை, வகுப்பு: 4 பைட்

ஐபி 4 முகவரி வேண்டுமென்றால் 0, 1. இணையம் என்பதற்கு 0, 1. மொத்தம் 12 + 16 + 4 = 32 பைட்.

தமிழ்ப் பெயரானால்? பக்கத்து நாட்டின் ".சிங்கப்பூர்" யூடிஎஃப்-8 முறையில் 33 பைட். டிஎன்எஸ்ஸில் அது அப்படியே போகாது. பியூனிகோட் முறையில் ரூமி எழுத்துகளும் எண்களும் கோடுகளுமாக மாறி 22 பைட்டாகப் போகும். நீள பைட்டில் 22 என்று எழுதுங்கள்.

4. பதிலைப் படித்தல்

இங்கேதான் கவனம் வேண்டும். பதிலில் பெயரைத் திரும்ப எழுதாமல் 192, 12 என்று இரண்டே பைட் வரும். 192 அல்லது அதற்கு மேல் வந்தால் அது நீளம் அல்ல, "அங்கே போய்ப் படி" என்ற சுட்டு. இடம் = (முதல் பைட் − 192) × 256 + அடுத்த பைட். இங்கே 12, அதாவது தலைப்பகுதி முடிந்து நம் பெயர் தொடங்கும் இடம். 16 பைட் 2 ஆகிவிட்டது.

ஆனால் 12-ஆம் இடத்திலேயே ஒருவன் 192, 12 என்று எழுதி அனுப்பினால்? நிரல் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும். "பின்னோக்கி மட்டும் போகலாம்" என்று தடுத்தால் போதுமா? போதாது. 12-இல் "பாலோ", 18-இல் 192, 12 என்று இருந்தால் பின்னோக்கித்தான் போகிறது, ஆனாலும் சுற்றும். 255 பைட் வரம்பையும் சேர்த்துச் சோதித்தால்தான் நிற்கும். நீளம் 64 முதல் 191 வரை வந்தால் செய்தியைத் தள்ளிவிடுங்கள். ஒவ்வொரு பைட்டையும் படிக்கும் முன், செய்தியின் எல்லைக்குள் இருக்கிறோமா என்று பாருங்கள். சி மொழி உங்களுக்காக அதைப் பார்க்காது.

இது வெறும் தேர்வுப் பாடம் இல்லை. 2021 ஏப்ரலில் "நேம்:ரெக்" என்ற பெயரில் 9 பாதுகாப்புக் குறைகள் அறிவிக்கப்பட்டன. ஃப்ரீபிஎஸ்டி உட்பட நான்கு பிணைய மென்பொருள்கள் அதில் சிக்கின. அவற்றில் பல இந்தச் சுட்டைச் சரியாகச் சோதிக்காததால் வந்தவை.

எழுதும்போது சரியாக எண்ணுங்கள். படிக்கும்போது வந்த எண்ணை நம்பாதீர்கள்.

பயிற்சி: மேலே உள்ள செய்திக்கு வந்த பதிலில், 32-ஆம் இடத்தில் 192, 18 இருந்தால் பெயர் என்ன?

விடை: ஜோகூர்.எம்ஒய். (12 + 6 = 18; "பாலோ" துண்டைத் தாண்டியாயிற்று.)