தில்லி மாடியில் விண்மீன் சேமிப்பு

விளக்கொளியும் புகையும் கலந்த தலைநகர வானில் பால்வழியைக் காண்பது அரிது. ஆயினும் தில்லி வீட்டு மொட்டைமாடியிலிருந்தே நாம் படம்பிடிக்கத்தக்க வான்பொருள்கள் உள்ளன. அவற்றுள் சிறந்தவை கோள விண்மீன் கொத்துகள்.

இலட்சக்கணக்கான விண்மீன்கள் ஈர்ப்பு விசையால் பந்துபோல் திரண்டவையே இக்கொத்துகள். நமது பால்வழியில் இத்தகையன 150க்கு மேல் அறியப்பட்டுள்ளன. இவற்றுள் பல, ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுப் பழமையுடையவை. வான்முகில்களின் மங்கிய ஒளி பரந்து கிடப்பதால் நகர வெளிச்சத்தில் மறைந்துவிடும். கொத்திலுள்ள விண்மீன்களோ புள்ளிகளாக ஒளிர்வதால் தப்பி நிற்கின்றன.

தில்லியின் அமைவிடமும் நமக்குச் சாதகமானது. 1714இல் எட்மண்ட் ஹாலி கண்டறிந்த எம் 13 என்னும் கொத்து, ஜூன் நள்ளிரவில் ஏறத்தாழ நம் தலைக்கு மேலேயே நிற்கும். தொலைநோக்கித் தாங்கியைத் திசைப்படுத்த உதவும் துருவ நட்சத்திரம், சென்னையில் அடிவானிலிருந்து 13 பாகை உயரத்திலும் இங்கு 28 பாகைக்கு மேலும் தெரிகிறது. ஜூனில் புழுதி தடுத்தால், மழை ஓய்ந்த செப்டம்பர் இறுதியில் எம் 15ஐ நாடலாம்.

நீண்ட நேரம் ஒரே படம் எடுத்தால் நகர வெளிச்சமே படத்தை நிறைத்துவிடும். எனவே புவிச் சுழற்சிக்கேற்பத் திரும்பும் தாங்கியில் சிறு தொலைநோக்கியையும் கேமராவையும் பொருத்தி, 30 நொடிப் படங்கள் பலவற்றை எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். தொடர் வைப்புக் கணக்கை ஒத்த முறை இது. ஒரு வேறுபாடு உண்டு: இங்கே கூட்டு வட்டி இல்லை. 100 படங்கள் சேர்த்தால் தெளிவு 10 மடங்கே கூடும். 20 மடங்கு வேண்டுமெனில் 400 படங்கள் தேவை. பொறுமையே இங்கு முதலீடு.

கொத்துகளுள் பெரியதான ஒமேகா சென்டாரி மட்டும் தில்லியில் 14 பாகைக்கு மேல் எழுவதில்லை. தென்திசைப் புழுதியில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. 1603இல் யோகான் பாயர் இதனை ஒரு விண்மீனாகவே குறித்தார். அது தனி விண்மீனன்று என 1677இல் ஹாலி பதிவுசெய்தார். தமிழகத்தில் இது ஏறத்தாழ 30 பாகை உயர்கிறது. தென்வானை நன்கு காண இயலும் என்பதும் காவலூரில் வானாய்வகம் அமைந்ததற்கு ஒரு காரணம்.

மே விடுமுறையில் ஊர் செல்லும் தில்லித் தமிழர், நிலவற்ற இரவில் பத்து மணியளவில் தெற்கே நோக்கலாம். கருவி ஏதுமின்றியே மங்கிய விண்மீன்போல் தெரியும் அப்புள்ளியில் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் உள்ளன. பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.