இருபது கிலோமீட்டருக்கு எந்தப் பெடல், எந்தக் காலணி?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய டிரையத்லான், 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடந்த சிறு போட்டியில் தொடங்கி, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாக நுழைந்தது. 2018இல் கொழும்பிலும் 2019இல் கோவாவிலும் நடந்த அரை அயர்ன்மேன் போட்டிகளில் சைக்கிள் பகுதி மட்டுமே 90 கிலோமீட்டர் என்பதால், அந்தப் பெயர்களைச் செய்தியில் கண்டவர்கள் டிரையத்லான் என்றாலே எட்டாத உயரம் என்று எண்ணிவிடுவதுண்டு. ஆனால் ‘ஸ்பிரிண்ட்’ எனப்படும் குறுந்தொலைவுப் போட்டியில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் ஆகியவையே உண்டு. ஒலிம்பிக் அளவு இதன் இரு மடங்கு. பாளையங்கோட்டையிலிருந்து சித்தாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரி வரை சைக்கிளில் போய்வந்தாலே 20 கிலோமீட்டரைத் தாண்டிவிடும் என்பதால், திருநெல்வேலி வட்டாரத்து இளைஞர் ஒருவர் ஸ்பிரிண்ட் போட்டிக்கான சைக்கிள் பயிற்சியைத் தம் ஊர்ச் சாலையிலேயே முடித்துக்கொள்ளலாம். நீச்சலை மட்டும் ஆற்றுச் சங்கமத்தில் தனியாகப் பழகாமல், ஆள் காவல் உள்ள குளத்தில் பழகுவதே அறிவுடைமை.

இந்த விளையாட்டில் பெடலும் காலணியும் தனிக் கேள்வியாக எழுவதற்குக் காரணம், கடிகாரம் நிற்பதே இல்லை என்ற விதிதான். நீரிலிருந்து எழுந்தவர் தம் சைக்கிள் நிறுத்தப்பட்டிருக்கும் இடத்துக்கு ஓடிவந்து, ஹெல்மெட்டை மாட்டிப் பூட்டிய பின்னரே சைக்கிளைத் தொட்டு, அதைத் தள்ளிக்கொண்டு ஓடி, தரையில் வரையப்பட்ட ஏறுகோட்டைக் கடந்த பிறகே ஏற வேண்டும். திரும்பி வரும்போது இறங்குகோட்டுக்கு முன்பாகவே இறங்கிவிட வேண்டும். இந்த மாற்றிடத்தில் காலணிக்காகக் குனிந்து செலவிடும் ஒவ்வொரு நொடியும் மொத்த நேரத்தில் ஏறுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் போட்டியில் முதலாவதாக வந்த அலெக்ஸ் யீக்கும் இரண்டாவதாக வந்த ஹேடன் வைல்டுக்கும் இடையே இருந்தது 6 நொடிதான். அவசரம் எதிர்விளைவு தருவதும் உண்டு: 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜானதன் பிரௌன்லி ஏறுகோட்டுக்கு முன்பே சைக்கிளில் ஏறியதற்காக 15 நொடி தண்டனை பெற்று, அதன் பிறகும் வெண்கலம் வென்றார்.

பெடல்களில் இன்று கடையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகக் கொள்ளலாம். முதலாவது, எந்தக் காலணியோடும் மிதிக்கக்கூடிய தட்டைப் பெடல். இரண்டாவது, அதன் முன்புறம் பாதத்தின் நுனியைப் பிடிக்கும் கூண்டும் வாரும் பொருத்தப்பட்டது. பல தலைமுறைப் பந்தயக்காரர்கள் இதைத்தான் பயன்படுத்தினர். மூன்றாவது, காலணியின் அடியில் திருகிய ‘கிளீட்’ என்னும் சிறு தகட்டை வில்லின் விசையால் கவ்விக்கொண்டு, குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால் விட்டுவிடும் பூட்டுப் பெடல். பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பிணைக்கும் நுட்பத்திலிருந்து பிரெஞ்சு நிறுவனமான லுக் 1984இல் இதை உருவாக்க, அடுத்த ஆண்டே சைக்கிள் பந்தய வீரர் பெர்னார் இனோ அதை மிதித்து டூர் டி பிரான்ஸை வென்றதால், பழைய கூண்டு பந்தயத் தடங்களிலிருந்து வேகமாக மறைந்தது. இப்பூட்டுப் பெடலிலும் இரு பிரிவுகள் உண்டு: மூன்று திருகுகளால் பிணைக்கப்படும் அகலமான கிளீட் காலணியின் அடியில் புடைத்து நிற்கும்; ஷிமானோ நிறுவனம் 1990இல் மலைச் சைக்கிளுக்காகக் கொண்டுவந்த எஸ்.பி.டி. வகையின் இரு திருகுக் கிளீட் சிறியது, ரப்பர் அடிப்பாகத்தின் குழிக்குள் ஒளிந்திருப்பதால் அணிந்தபடி நடக்கவும் ஓடவும் இயலும்.

பூட்டுப் பெடலால் காலை மேலே இழுத்தும் விசை தரலாம் என்று சொல்லப்படும் விளம்பரம் பாதி உண்மைகூட இல்லை. தேர்ந்த ஓட்டுநர்களின் மிதியை அளந்து பார்த்தவர்கள், சாதாரண வேகத்தில் விசையின் பெரும்பங்கு கீழ்நோக்கிய அழுத்தத்திலிருந்தே வருவதையும், மேலேறும் கால் பெரும்பாலும் தன் எடையைக் குறைத்துக்கொள்வதோடு நின்றுவிடுவதையும் கண்டனர். மிதமான உழைப்பில் ஓட்டக் காலணிக்கும் கிளீட் காலணிக்கும் இடையே உடல் செலவிடும் ஆற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை ஆய்வுகள் காணவில்லை. உண்மையான நன்மை வேறு இடத்தில் உள்ளது. 20 கிலோமீட்டரை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் 48 நிமிடத்தில் முடிப்பவர், நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒவ்வொரு காலாலும் 3,840 முறை அழுத்துகிறார். அத்தனை முறையும் பாதம் ஒரே இடத்தில் வழுவாமல் நிற்பதும், விறைப்பான அடிப்பாகம் அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்புவதும், வேகமெடுத்து எழுந்து மிதிக்கும்போது கால் நழுவாதிருப்பதும்தான் பூட்டுப் பெடல் தரும் பயன்.

இந்தப் பயனை மாற்றிடத்தில் இழக்கும் நேரத்தோடு ஒப்பிட வேண்டும். இழுபட்டு விரியும் ரப்பர் கயிறு கோத்த ஓட்டக் காலணியோடு தட்டைப் பெடலை மிதிப்பவர் காலணியை ஒரே ஒரு முறை அணிகிறார். சைக்கிளை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஓடத் தொடங்கிவிடுகிறார். கிளீட் காலணிக்காரர் இரு முறை மாற்ற வேண்டும். அதைத் தவிர்க்கவே முன்னணி வீரர்கள், காலணியை முன்கூட்டியே பெடலில் பூட்டி, அது தரையில் உரசாதபடி ரப்பர் வளையத்தால் சைக்கிள் சட்டத்தோடு கட்டிவைத்து, வெறுங்காலோடு ஓடிவந்து தாவியேறி, வேகம் பிடித்த பின் காலை உள்ளே நுழைக்கிறார்கள். இதற்கென்றே செய்யப்படும் டிரையத்லான் காலணியில் ஓரிரண்டு ஒட்டுப்பட்டைகளும், பின்புறம் விரலை விட்டு இழுக்க ஒரு வளையமும், காலுறையின்றி அணிந்தாலும் தோல் உரியாத உட்புறமும், நீர் வடியும் துளைகளும் இருக்கும். இது அழகான வித்தை. ஆனால் ஆளில்லா மைதானத்தில் வாரக்கணக்கில் பழகாதவர் போட்டியன்று முயன்றால், மிச்சமாகும் நொடிகளைவிடச் சிராய்ப்பே அதிகம் கிடைக்கும்.

சீவலப்பேரிச் சாலை போன்ற ஆற்றங்கரைப் பாதைகள் இத்தேர்வில் தமக்கும் ஒரு சொல் உண்டென்று காட்டுகின்றன. ஓரங்களில் மண்டிய சீமைக்கருவேல முள் வெறுங்காலுக்கும் டயருக்கும் ஒருசேரப் பகை. மணல் படிந்த இடத்தில் காலூன்றினால், புடைத்து நிற்கும் மூன்று திருகுக் கிளீட் விரைவில் தேய்வதோடு, பூட்டுக்குள் மணல் சிக்கிக் கவ்வ மறுப்பதும் உண்டு. குழிக்குள் இருக்கும் எஸ்.பி.டி. கிளீட் இவ்வகையில் பொறுமைசாலி. மாடும் ஆடும் முன்னறிவிப்பின்றிக் குறுக்கே வரும் கிராமச் சாலையில், காலைச் சட்டென விடுவிக்கும் பழக்கம் கைவராதவருக்குப் பூட்டுப் பெடல் அபாயமே. எனவே வில்லின் இறுக்கத்தைத் தளர்த்தும் திருகைத் தொடக்கத்தில் முழுவதும் தளர்த்தி, சுவரைப் பிடித்து நின்றபடி பூட்டவும் விடவும் பழகிய பிறகே சாலைக்கு வர வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. ஒரு நிறுவனத்தின் கிளீட் பெரும்பாலும் மற்றொன்றின் பெடலில் பொருந்தாது; காலணியின் அடியில் இரு திருகுத் துளைகளா, மூன்றா என்பதையும் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். பூட்டிய நிலையிலும் குதிகால் சற்றே அசைய இடமிருப்பது முழங்காலுக்கு நல்லது. ஷிமானோவின் சாலை வகையில் மஞ்சள் கிளீட் 6 பாகை அசைவையும், நீலம் 2 பாகையையும் தர, சிவப்பு அசையவே விடாது. புதியவருக்கு மஞ்சளே உரியது. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் திரும்பும் என்பதை எந்த ஊர்ச் சைக்கிள் கடைக்காரரும் அறிவார். வீட்டில் தாமே கழற்ற முனைவோர்தான் அதை மறந்து மரையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் ஸ்பிரிண்ட் போட்டிக்கு இறங்குபவருக்கு ஓட்டக் காலணியும் பிடிமானமுள்ள தட்டைப் பெடலும் போதும். ஓரிரு போட்டிகளுக்குப் பின் விருப்பம் நிலைத்தால் இரு திருகு எஸ்.பி.டி.க்கு மாறலாம், மூன்று திருகுப் பெடலும் டிரையத்லான் காலணியும், தாவியேறக் கற்றுக்கொண்டவர் மட்டுமே வாங்க வேண்டியவை.