தெரிந்த முகத்திலும் கவனம் வேண்டும்

மதுரை அருகே கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் பெற்றோர் பலர், பிள்ளையைப் பக்கத்து வீட்டிலோ உறவினரிடமோ விட்டுச் செல்கிறார்கள். "தெரியாதவங்க கூப்பிட்டா போகாதே" என்று எச்சரித்தும் செல்கிறார்கள். ஆனால், குழந்தைகள் மீதான வன்புணர்வு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் தெரிந்தவர்களே குற்றம் சாட்டப்படுகிறார்கள் என்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகள்.

குற்றம் எப்படி உருவாகிறது?

இக்குற்றத்துக்கு நான்கு படிகள் உண்டு என்று அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஃபின்கெல்ஹார் 1984-ல் விளக்கினார்: தவறான நாட்டம் எழுகிறது, மனத்தடை உடைகிறது, பெரியவர்களின் கண்காணிப்பு விலகுகிறது, குழந்தையின் எதிர்ப்பு அடக்கப்படுகிறது. குடிபோதையும், 'சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்' என்ற எண்ணமும் மனத்தடையை உடைக்கின்றன. மிட்டாய், செல்போன், "அம்மாகிட்ட சொல்லாதே" என்ற ரகசியம் ஆகியவை கடைசிப் படிக்கான வழிகள்.

குழந்தைகள் மீது பாலியல் நாட்டம் உள்ளவர்கள் மட்டும்தான் இக்குற்றத்தைச் செய்கிறார்கள் என்பதில்லை. தன்னடக்கமின்மை, சட்டத்தை மதிக்காத போக்கு, சம வயதினரோடு நெருங்கிப் பழக முடியாமை ஆகியவற்றையும் உளவியல் ஆய்வுகள் ஆபத்துக் காரணிகளாகக் காட்டுகின்றன. இவை எதுவும் குற்றத்துக்கு நியாயம் ஆகாது.

பாதிக்கப்பட்டவர் மீது முத்திரை வேண்டாம்

'சிறு வயதில் பாலியல் கொடுமையால் பாதிக்கப்பட்டவர் பின்னாளில் அதையே செய்வார்' என்பது தவறான நம்பிக்கை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அதே சமயம், வளரும் வயதில் அடி உதையும் புறக்கணிப்பும் அனுபவித்தவர்களிடம் பாலியல் குற்றத்துக்கான ஆபத்து கூடுவதாக 2015-ல் வெளியான அமெரிக்க நீண்டகால ஆய்வு ஒன்று கண்டது. பிள்ளையை அடிக்காமல் அன்போடு வளர்ப்பதும் தடுப்புதான்.

குற்றத்துக்கு முன்பே சிகிச்சை

தவறான நாட்டம் இருப்பதை உணர்ந்து அஞ்சுபவர்களுக்கு, பெர்லின் சாரிட்டே மருத்துவமனை 2005-ல் சிகிச்சைத் திட்டம் தொடங்கியது. புனே கே.இ.எம். மருத்துவமனையிலும் இத்தகைய திட்டம் உருவானது. இப்பகுதியினர் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவை அணுகலாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-லும் பேசலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

• குழந்தை ஒருவரிடம் போக மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள், காரணம் கேளுங்கள்.

• உடல் உறுப்புகளின் பெயர்களையும், "வேண்டாம்" என்று சொல்லவும் கற்றுக்கொடுங்கள்.

• குழந்தை சொன்னால் நம்புங்கள், திட்டாதீர்கள்.

• குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ காவல் துறைக்கோ உடனே தெரிவியுங்கள். 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் மறைப்பது குற்றம்.

குடும்ப மானம் என்று மூடி மறைத்தால், அடுத்த குழந்தையும் பாதிக்கப்படும். தயங்காமல் பேசுங்கள்.